முதல் ஐந்து சீட்டு

பெங்களூரில் புதிதாக ஒரு ஆப் செய்தவருக்கு, அதைப் போட்டுப் பார்க்க ஆள் கிடைப்பது பெரிய பாடே இல்லை. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ கோரமங்களாவிலோ ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பக்கத்து மேஜைக்காரரிடம் போனை நீட்டினால் போதும், உடனே டவுன்லோட் செய்வார். அக்கறையாக நாலு யோசனையும் சொல்வார். அவரே எங்காவது ப்ராடக்ட் மேனேஜராக இருப்பார், இல்லையென்றால் சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தில் இருப்பார். "சூப்பரா இருக்கு ப்ரோ" என்பார். அதைக் கேட்டுவிட்டு வரும் பையனுக்கு அன்று இரவு தூக்கம் வராது.

இந்த ஊரில் ஒரு ஐடியாவைச் சோதிப்பதில் இருக்கும் முதல் சிக்கலே இந்தச் சுலபம்தான். புதியது எதுவானாலும் தொட்டுப் பார்க்கும் ஜனம் இது. முதல் மாதச் சலுகை இருக்கும்வரை இருப்பார்கள், அப்புறம் அடுத்த ஆப்புக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களை மட்டும் வைத்து ஒரு தொழில் நிற்குமா என்று கணக்குப் போடும்போதுதான் தப்பாகிறது.

கோயம்புத்தூர், சேலம், மதுரைப் பக்கமிருந்து இங்கே வந்து, வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் அவ்வப்போது என்னிடம் பேசுவார்கள். லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி என்னுடையது. முதலீட்டாளர் பணம் எதுவும் வாங்காமல் ஓடுகிறது. அதனாலோ என்னவோ மனம்விட்டுப் பேசுவார்கள். "அண்ணா, வேலிடேஷன் முடிஞ்சது. கூகுள் ஃபார்ம் அனுப்பினோம், பாதிப் பேருக்கு மேல கண்டிப்பா யூஸ் பண்ணுவேன்னு சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பிப்பார்கள். "யாராவது காசு கொடுத்தாங்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்வியை ஏன் விடாமல் கேட்கிறேன் என்று விரிவாக எழுதிவைக்கலாமே என்றுதான் இந்தப் பதிவு.

பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸின் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பணீந்திர சாமாவுக்கு பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் இன்ஜினியராக இருந்தவர். பிட்ஸ் பிலானி நண்பர்கள் சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு இருவரோடும் சேர்ந்து 2006-ல் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார். 2013-ல் இபிபோ குழுமம் அதை வாங்கியது. மேடையில் சொல்லும்போது இவ்வளவோடு முடித்துவிடுவார்கள். தீபாவளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் நடந்ததை யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை.

அவர்கள் முதலில் செய்தது பஸ் முதலாளிகளுக்கான ஒரு மென்பொருள். எந்த சீட்டு போயிற்று, எது காலி என்று பார்த்துக்கொள்ள உதவுவது. அதைத் தூக்கிக்கொண்டு முதலாளிகளிடம் போனார்கள். யாரும் சீந்தவில்லை. அன்றைய ஆம்னி பஸ் தொழிலை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு தாளில் சீட் சார்ட் இருக்கும். ஏஜெண்ட் போன் போடுவார், ஆபீஸில் இருப்பவர் அந்தக் கட்டத்தில் பேரை எழுதுவார். வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் வந்தால் பஸ் எப்படியும் நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை காலியாக ஓடும் பஸ்ஸை மென்பொருள் எப்படி நிரப்பும்? அதற்காக கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், ஆளைப் பழக்க வேண்டும். டிக்கெட் கிடைக்காத பயணியின் கஷ்டம் பணீந்திராவுக்குத் தெரிந்திருந்தது. முதலாளியின் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

டை என்கிற தொழில்முனைவோர் அமைப்பின் பெங்களூர் கிளையில் வழிகாட்டிகள் கிடைத்தார்கள். பயணி, ஏஜெண்ட், முதலாளி என்று தொழிலில் இருக்கும் எல்லோரிடமும் போய்ப் பேசினார்கள். திரும்பவும் முதலாளிகளிடம் போனபோது கேட்ட கேள்வி மாறியிருந்தது. மென்பொருளைப் பற்றிய பேச்சே இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் சீட்டு ஒதுக்குங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். ஒரு முதலாளி ஐந்து சீட்டு கொடுத்தார். அதை விற்றுக் காட்டினார்கள்.

எனக்கு இந்த ஐந்து சீட்டின் மேல் தனி மரியாதை உண்டு. பஸ் கிளம்பியபின் காலி சீட்டுக்கு மதிப்பே கிடையாது. அடுத்த நாள் விற்கலாம் என்று எடுத்துவைக்க முடியாது. ஆகவே அந்த முதலாளி கொடுத்தது சின்னதாக இருந்தாலும் நஷ்டப்படக்கூடிய ஒன்று. முன்பின் தெரியாத மூன்று இளைஞர்களை நம்பி ஒருவர் தன் சரக்கில் கொஞ்சத்தைப் பணயம் வைத்தார். ஆயிரம் பேர் ஃபார்மில் 'ஆம்' என்று டிக் அடித்தாலும் அது இதற்கு ஈடாகாது. இன்னொன்றும் உண்டு. அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய மென்பொருளையே பின்னாளில் பஸ் முதலாளிகள் ரெட்பஸ்ஸிடமிருந்து வாங்கினார்கள். பாஸ் என்று அதற்குப் பெயர். விற்பனை வந்து, ரெட்பஸ்ஸோடு கணக்கு வழக்கு ஏற்பட்ட பிறகு அது தேவையாகிவிட்டது. ஐடியா அதேதான், வரிசைதான் மாறியிருந்தது.

கலாசிபாளையத்தில் நான் கற்றுக்கொண்டதும் இதை ஒட்டியதுதான்.

பெங்களூரில் ஸ்டார்ட்அப் பேசுகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. கே.ஆர். மார்க்கெட்டைத் தாண்டினால் வரிசையாக லாரி புக்கிங் ஆபீஸ்கள். நாமக்கல், சங்ககிரி, சேலத்துக்காரர்கள் ஏராளம். வாசலில் கைவண்டி, உள்ளே ஒரு மேஜை, மேஜைமேல் லாரி ரசீதுப் புத்தகம். கிளார்க் கார்பன் தாளைச் சொருகிக்கொண்டு அழுத்தி எழுதுவார். அனுப்புபவருக்கு ஒரு நகல், பெறுபவருக்கு ஒன்று, வண்டியோடு போக ஒன்று. கடைசி நகலில் எழுத்து மங்கலாக விழும், டிரைவர் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். பார்த்த மாத்திரத்தில் எந்த மென்பொருள்காரனுக்கும் கை துறுதுறுக்கும். ரசீதைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம், 2018 ஏப்ரலில் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் வேறு வந்துவிட்டது, இரண்டையும் இணைத்துவிடலாம் என்று தோன்றும்.

அங்கே ஒரு முதலாளி, அறுபதைத் தாண்டியவர், நாமக்கல் பக்கம். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா பில்லுப் போடறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்குது. காசு வசூல் பண்றதுக்குத்தான் ஆள் இல்லீங்க."

விஷயம் 'டு பே'யில் இருந்தது. வாடகையை அனுப்புபவரே இங்கே கட்டிவிட்டால் 'பெய்டு'. சரக்கை எடுக்கும்போது அந்த ஊரில் கட்டினால் 'டு பே'. மதுரையில் சரக்கு இறங்குகிறது, அங்கிருக்கும் டெலிவரி ஏஜெண்ட் பார்ட்டியிடம் பணத்தை வாங்குகிறார், தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை எப்போதாவது அனுப்புகிறார். எந்த ரசீதுக்குப் பணம் வந்தது, எது பார்ட்டியிடம் நிற்கிறது, எது ஏஜெண்டிடம் நிற்கிறது என்று பெங்களூரில் இருக்கும் முதலாளிக்கு மாதக் கடைசிவரை தெரியாது. ஆனால் டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் அவர் அன்றன்றைக்குப் பணம் எடுத்து வைத்தாக வேண்டும்.

நாங்கள் ஆப் எதுவும் செய்யவில்லை. ஒரு எக்செல் ஷீட் போட்டோம். எங்கள் ஆபீஸ் பெண் ஒருவர் சாயங்காலமானால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போன் போடுவார். இன்றைக்கு எத்தனை ரசீது டெலிவரி, எவ்வளவு வசூல், எது பாக்கி என்று கேட்டு நிரப்புவார். ராத்திரி முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு பட்டியல் போகும். முதல் மாதத்திலிருந்தே கட்டணம் கேட்டோம். அவர் பேரம் பேசினார். நான் சொன்ன தொகையில் பாதியில் ஆரம்பித்து, "நம்மூருப் பசங்கங்கறதால சொல்றனுங்க" என்று கொஞ்சம் ஏற்றி, கடைசியில் ஒரு இடத்தில் நின்றார்.

அந்தப் பேரத்தைத்தான் நான் பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். இலவசமாகக் கிடைப்பதை யாரும் பேரம் பேசுவதில்லை, பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விலையைக் குறைக்கச் சொல்கிறவர் மனதுக்குள் வாங்கிவிட்டார். மென்பொருளை அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினோம். எதை எழுத வேண்டும் என்பது அந்த எக்செல் ஷீட்டிலேயே இருந்தது. எந்தக் கட்டத்தை முதலாளி முதலில் பார்க்கிறார், எந்தக் கட்டம் காலியாக இருந்தால் உடனே போன் போடுகிறார் என்பதெல்லாம் கேள்வித்தாளில் வராத தகவல்கள்.

இப்படிக் கையாலேயே செய்து பார்ப்பதில் பெங்களூருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது டன்சோ. கபீர் பிஸ்வாஸ் அதை ஒரு வாட்ஸ்அப் குழுவாகத்தான் ஆரம்பித்தார். வீட்டுச் சாவியை மறந்துவிட்டேன், மருந்து வாங்க வேண்டும், தையல்கடையில் துணி இருக்கிறது என்று மெசேஜ் போட்டால் யாராவது போய்ச் செய்துவிட்டு வருவார்கள். இந்த ஊரில் "டன்சோ பண்ணிடு" என்பது பேச்சுவழக்காகவே ஆனது. 2017-ல் கூகுள் முதலீடு செய்தது. கூகுள் நேரடியாகப் பணம் போட்ட முதல் இந்திய ஸ்டார்ட்அப் அது. 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் ரீடெயில் 20 கோடி டாலர் கொடுத்து 25.8 சதவீதப் பங்கை எடுத்தது. அடுத்த வருஷமே சம்பளம் தாமதமாகத் தொடங்கியது, ஆட்குறைப்பு நடந்தது. 2025 ஜனவரியில் ஆப்பும் இணையதளமும் நின்றுபோயின.

டன்சோ மேல் எனக்குப் பிரியம் உண்டு, அது போனதில் வருத்தமும் உண்டு. ஜனங்களுக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவாக விடை கண்டவர்கள் இந்த ஊரில் குறைவு. விடை கிடைக்காதது இரண்டாவது கேள்விக்கு: ஒவ்வொரு தடவையும் செய்து கொடுத்தபின் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா? கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு சாவியைக் கொண்டுவர வாடிக்கையாளர் 50 ரூபாய் கொடுக்கிறார். இந்திராநகரிலிருந்து பெல்லந்தூர் வரை நெரிசலில் ஒருவர் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு நியாயமான கூலி, பெட்ரோல், கஸ்டமர் கேர், திரும்பி வரும் வெற்று ஓட்டம் எல்லாம் அந்த 50 ரூபாய்க்குள் அடங்குமா? சின்ன அளவில் அடங்காத கணக்கு பெரிய அளவானால் தானாக அடங்கிவிடும் என்று நம்புவதற்கு அந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒரே தெருவில் பத்து ஆர்டர், ஒரே ஓட்டத்தில் மூன்று டெலிவரி என்பது போல. அந்தக் காரணம் பிடிபடும்வரை முதலீட்டாளர் பணம் கேள்வியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நம்ம யாத்ரியைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து ஜஸ்பே நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ஆப். சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்கும் ஆப்களின் மேல் ஓட்டுநர்களுக்கு இருந்த கோபம் அதற்கு முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கோபத்தால் வந்த கூட்டம் காசு கேட்டால் நிற்குமா? 2023-ல் கேட்டார்கள். நாளுக்கு 25 ரூபாய் கட்டினால் எத்தனை சவாரி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வரும் பணம் முழுக்க ஓட்டுநருக்கு. அதன் பிறகும் ஓட்டுநர்கள் இருந்தார்கள். நான் எழுத்தாளனாகவோ நிபுணனாகவோ இதைச் சொல்லவில்லை. தினமும் ஆட்டோவில் போகிறவன், கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த 25 ரூபாயைத் தலைவலியாக நினைக்கும் ஓட்டுநரை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் நாளே கூட்டம் வரும் என்றும் எண்ண வேண்டாம். ஸ்ரீஹர்ஷா மஜெட்டியும் நந்தன் ரெட்டியும் முதலில் பண்டில் என்ற பெயரில் ஆன்லைன் கடைகளுக்குக் கூரியர் ஏற்பாடு செய்யும் தொழிலை நடத்திப் பார்த்து, அதை மூடினார்கள். 2014 ஆகஸ்டில் கோரமங்களாவில் உணவு டெலிவரிக்கான ஸ்விகியைத் திறந்த அன்று ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்பதை ஸ்ரீஹர்ஷாவே சொல்லியிருக்கிறார். ஸ்விகி ஊரெல்லாம் தெரிந்த பெயரான பிறகும் கம்பெனிப் பதிவேட்டில் 2024 வரைக்கும் அதன் பெயர் பண்டில் டெக்னாலஜீஸ்தான். அதே வருஷம் நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது.

'முதலில் காசைக் கேள்' என்ற என் பேச்சு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் ஏத்தரைத் தொடங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர்களுக்கு நல்ல பேட்டரி செய்து விற்கலாம் என்றுதான் நினைத்தார்கள். அந்த ஸ்கூட்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று தெரிந்தது. வண்டியையே செய்ய வேண்டியதாயிற்று. 2016-ல் பெங்களூரில் மாதிரியைக் காட்டினார்கள், 2018-ல்தான் வண்டி விற்பனைக்கு வந்தது. சார்ஜ் போடும் இடங்களையும் அவர்களே ஊருக்குள் நிறுவ வேண்டியிருந்தது. ஐந்து வருஷம் வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய் வாங்க முடியாத தொழில் அது. அதற்குப் பொறுமையான முதலீடு வேண்டும், ஐஐடி இன்குபேட்டர் போன்ற இடம் வேண்டும். இன்று அவர்கள் வண்டி ஓசூரில் தயாராகிறது, 2025 மே மாதம் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலானது. இயந்திரம், மருத்துவக் கருவி செய்கிறவர்கள் என்னைப் போன்ற மென்பொருள்காரனின் அவசரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பெனிகளுக்கு விற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பர்சேஸ் ஆர்டர் வந்ததும் கேக் வெட்டாதீர்கள், பணம் வங்கிக்கு வந்த அன்று வெட்டுங்கள். பெரிய இடத்தில் பைலட் என்று மாதக்கணக்கில் இலவசமாக ஓட்டச் சொல்வார்கள். அந்தப் பிரிவுத் தலைவர் வேலை மாறினால் எல்லாம் முதலிலிருந்து. பில் அனுப்பிய பிறகு 90 நாள், 120 நாள் என்று இழுப்பது சகஜம். தொடங்கிய உடனே சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். 2006-ன் சிறு, குறுந்தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருஷம்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இது. எதிர்த்தரப்பின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது நன்றாகவே தெரியும். மரியாதையாக ஒரு மெயிலில் நினைவூட்டினால் பல நேரம் வேலை நடக்கிறது.

போட்டிகளையும் மானியங்களையும் பற்றிக் கேட்கிறார்கள். கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய்வரை மானியம் உண்டு, தமிழ்நாட்டில் டான்சீட் இருக்கிறது, ஐஐஎம் பெங்களூரில் என்.எஸ்.ஆர்.செல் இன்குபேட்டர் இருக்கிறது. விண்ணப்பியுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் நடுவர் குழு உங்களைத் தேர்ந்தெடுத்ததை வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்ததாக வரவு வைத்துக்கொள்ளாதீர்கள். பரிசு வாங்கிய போட்டோவையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, ஒரு கடைக்காரரிடம்கூடப் போய் நிற்காத டீம்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவ்வளவு திறமையான பிள்ளைகள்.

வேலையை விடப்போகிறீர்கள் என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. வாடகை வீடு மாற்ற வேண்டுமானால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே மாற்றுங்கள். பெங்களூரில் ஐந்து மாதம் பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்பார்கள், அதற்கு முன் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். அதைவிட முக்கியம், அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு. அவர்கள் உங்கள் ஆபீஸ் குரூப் பாலிசியில் இருந்தால், நீங்கள் வெளியே வந்ததும் அந்தக் காப்பு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, வேலையில் இருக்கும்போதே எச்.ஆரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 வருஷம்வரை காத்திருப்புக் காலம் போடலாம். தொழில் தள்ளாடினால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். அப்பாவின் ஆஸ்பத்திரி பில் காத்திருக்காது.

லாரி, பார்சல், பஸ் சம்பந்தமாக யோசனை வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். கலாசிபாளையத்தில் உங்களை உட்காரவைத்துப் பேச எனக்குத் தெரிந்த ஆபீஸ்கள் இருக்கின்றன. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள், காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் அவர்கள் லோடு இறக்குவதில் மும்முரமாக இருப்பார்கள். பேசக்கூடிய அளவுக்குக் கன்னடம் பழகிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, செய்து கொடுத்தால் மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.